விளம்பரம்தான், அதனால் என்ன?

பொம்மையை வைத்து எடுத்த அனிமேஷன் படம் என்றாலே நம்மூரில் படித்தவர்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. "அது படமா? காசு கொடுத்துப் பார்க்கிற விளம்பரம்." மயிலாப்பூரிலோ அடையாறிலோ உலக சினிமா பேசுகிற நாலு பேர் கூடினால் இதைக் கேட்கலாம். 2014-இல் 'தி லெகோ மூவி' வந்தபோது சொன்னார்கள். அதற்கு முன்பு பார்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் சொன்னார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பில் உள்ள வசதி.

இதற்கு ஒட்டிப் பிறந்த இன்னொரு தீர்ப்பும் உண்டு. அது பெற்றோருடையது. "பசங்க படம்தானே, ரெண்டு மணி நேரம் ரகளை பண்ணாம உட்கார்ந்தா போதும்." முன்னவர் படத்தைத் திட்டுகிறார், பின்னவர் மன்னித்துவிடுகிறார். இரண்டு பேருமே திரையைப் பார்க்கவில்லை. பத்திரிகை விமர்சனமும் இவர்களுக்கு நடுவில்தான் நிற்கிறது: கதைச் சுருக்கம் நாலு வரி, குழந்தைகளோடு ஒருமுறை பார்க்கலாம் என்று ஒரு வரி, இரண்டரை நட்சத்திரம், முடிந்தது.

விளம்பரம் என்று சொல்வது பொய்யா? பொய்யே இல்லை. லெகோ டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-இல் ஒரு தச்சர் தொடங்கிய கம்பெனி. இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு அது காப்புரிமை கேட்டது 1958-இல். படம் வந்தது, கட்டை விற்றது, படத்தின் பாத்திரங்களையே செட்டாகப் போட்டும் விற்றார்கள். இதெல்லாம் ஊரறிந்த விஷயம். ஆனால் இதைச் சொன்னதும் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிறார்களே, என் சண்டை அதோடுதான்.

பொம்மை விற்பனையும் கதை சொல்வதும் சேர்ந்து நடப்பது பாவம் என்றால், புரட்டாசியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிப் பக்கம் இவர்கள் போகவே கூடாது. நவராத்திரிக்குப் பல நாள் முன்பே அங்கே நடைபாதை முழுக்கப் பொம்மை. வெயிலுக்கும் மழைக்கும் மேலே தார்ப்பாய். தசாவதார செட், அறுபத்துமூவர் செட், கல்யாண செட், கிரிக்கெட் செட். செட்டியார், செட்டியாரம்மா, அவர்கள் முன்னால் பரப்பிய மளிகைக் கடை. கிருஷ்ணன் தனியாக ஒரு விலை, கோபியரோடு சேர்த்து எடுத்தால் வேறு விலை. போன வருஷம் இல்லாத ஒரு செட்டை இந்த வருஷம் கடைக்காரர் காட்டுவார். வருஷா வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்கவேண்டும் என்பது சம்பிரதாயம் வேறு. எந்தப் பன்னாட்டுக் கம்பெனியின் விற்பனைப் பிரிவும் கனவு காண்கிற ஏற்பாடு இது: வாடிக்கையாளர் தானாகவே, பக்தியோடு, ஆண்டுதோறும் வந்து புதிதாக ஒன்று வாங்குகிறார். ஆனாலும் கொலுப்படியில் இருக்கும் வாமனனைக் காட்டிப் பாட்டி கதை சொல்லும்போது, இது மண்பொம்மை வியாபாரத்துக்கான விளம்பரம் என்று யாரும் எழுந்து போவதில்லை. பாட்டி நன்றாகச் சொல்கிறாளா, சொதப்புகிறாளா என்பதுதான் அங்கே பேச்சு.

கொலுவை இங்கே இழுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொலுவில் இரண்டு ராஜ்ஜியம். படிகள் பெரியவர்களுடையவை. எது மேல், எது கீழ், கலசம் எங்கே, மரப்பாச்சி எங்கே என்பதெல்லாம் முறைப்படி. "தொடாதே, உடைச்சிடுவே" என்ற குரல் ஒன்பது நாளும் கேட்டுக்கொண்டே இருக்கும். படிகளுக்குக் கீழே தரையில் பிள்ளைகள் கட்டுகிற பார்க் இருக்கிறது. கொஞ்சம் மணல், முளைவிட்ட கடுகு, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம். அங்கே அளவும் கிடையாது, காலமும் கிடையாது. கோயில் தேரைவிடப் பெரிய கார் ஒன்று தேருக்குப் பின்னால் நிற்கும். ஒரு கை போன பிளாஸ்டிக் சிப்பாய் முருகனுக்குக் காவல் இருப்பான். டைனோசர் குளத்தில் தண்ணீர் குடிக்கும். வருகிறவர்கள் மேல்படியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு சுண்டலோடு போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஒன்பது நாளும் பார்க்தான் கொலு.

'தி லெகோ மூவி' இந்தப் படிக்கும் பார்க்குக்கும் நடக்கிற சண்டையைப் பற்றிய படம். வில்லன் பெயர் லார்ட் பிசினஸ். அவன் கையில் 'கிராகிள்' என்றொரு பேரழிவு ஆயுதம். கிட்டப்போய்ப் பார்த்தால் அது கிரேஸி க்ளூ என்ற பசை ட்யூப்; மேலே சில எழுத்து தேய்ந்துபோனதால் அந்தப் பெயர். நம் வீட்டு ஃபெவிக்விக் மாதிரி ஒரு சமாசாரம். உலகத்தில் எல்லாவற்றையும் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து, இனி யாரும் அசைக்க முடியாதபடி ஒட்டிவிடுவது அவன் திட்டம். கடைசிப் பகுதியில் கேமரா நிஜ உலகத்துக்கு வருகிறது. ஒரு வீட்டின் நிலவறை. அப்பா பல காலமாகச் சேர்த்துக் கட்டிய லெகோ நகரம், தொடாதே என்ற எச்சரிக்கைகள், மகன் கலைத்துப்போட்டதையெல்லாம் சரிசெய்து நிரந்தரமாக ஒட்டப் பசையோடு நிற்கும் அப்பா. அதுவரை நாம் பார்த்த கதை அந்தப் பையன் தனியாக உட்கார்ந்து விளையாடிய விளையாட்டு. வில்லனுக்குக் குரல் கொடுத்த வில் ஃபெரல்தான் அப்பாவாகவும் வருகிறார். மகன் கட்டியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போதுதான், அந்தக் கதையில் வில்லன் யார் என்று அப்பாவுக்கு உறைக்கிறது. விளம்பரப் படத்தில் அப்பாவைத் திருத்துவார்கள், சரி. ஆனால் அப்பா காசு போட்டு ஏராளமாக வாங்கிக் குவித்ததையே குற்றப் பத்திரிகையில் சேர்ப்பார்களா? அந்த நிலவறையில் நிற்பவர்தான் கம்பெனியின் உத்தமமான வாடிக்கையாளர். வில்லனும் அவர்தான்.

இன்னும் கிட்டே போவோம். பென்னி என்று ஒரு பாத்திரம். நீல உடை போட்ட விண்வெளி வீரன், 1980-களின் பொம்மை. அவன் தலைக்கவசம் தாடைக்குக் கீழே விரிசல் விட்டிருக்கும். இது கற்பனை அல்ல. அந்தக் காலத்து லெகோ விண்வெளி வீரர்களுக்குச் சரியாக அந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் மெல்லிசு, போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி அங்கேதான் உடையும். வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியின் தயாரிப்புக் குறை ஒன்றைக் கம்பெனியின் படமே ஒரு பாத்திரத்தின் முகமாக வைத்திருக்கிறது. சிட்னியின் அனிமல் லாஜிக் கூடத்தில் இந்தப் படத்தை உருவாக்கியவர்கள் கடல், புகை, தீ எல்லாவற்றையும் கட்டைகளாலேயே செய்தார்கள், அதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தக் கட்டைகளின்மேல் மெனக்கெட்டுப் போட்டிருக்கும் கீறலும் விரல் ரேகையும். எந்த விளம்பரமாவது விற்கிற சாமானில் கீறல் காட்டுமா? கீறல் விழுவது ஒருவர் கையில் இருந்தால்தான். பில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் இயக்கிய இந்தப் படம் கடையில் இருக்கும் பொம்மையைப் பற்றியது அல்ல, யாரோ ஒருவர் விளையாடித் தேய்த்த பொம்மையைப் பற்றியது என்பது ஒவ்வொரு சட்டகத்திலும் எழுதியிருக்கிறது. நட்சத்திரம் போட்ட விமர்சகருக்கு அதைப் படிக்க நேரமில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. கையேட்டை மீறி இஷ்டப்படி கட்டு என்று படம் சொல்கிறது. அதே படத்தின் காட்சிகளை எண் போட்ட கையேட்டோடு பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். கம்பெனி தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டு அந்தக் கிண்டலையும் காசாக்குகிறது. இந்த முரண் உண்மை. ஆனால் படம் சொல்வது அவ்வளவுதானா? நினைத்ததை நினைத்தபடி கட்டத் தெரிந்த 'மாஸ்டர் பில்டர்'கள் எல்லோரும் கதையில் தோற்றுப்போகிறார்கள். ஆளாளுக்கு ஒன்று கட்டுகிறார்கள், எதுவும் சேரவில்லை. கையேட்டைப் பார்த்துக் கட்ட மட்டுமே தெரிந்த சாதாரணக் கட்டடத் தொழிலாளி எம்மெட்தான் அவர்களை ஒரு வேலையில் இணைக்கிறான். சொந்தக் கற்பனை உசத்தி, ஒழுங்கு மட்டம் என்ற சுலபமான பாடத்தைப் படம் பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது. அது கம்பெனிக்குச் செய்த சமரசமா, கதைக்குத் தேவையான திருப்பமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

விளம்பரம் என்பதாலேயே ஓடுகிறது என்பார்கள். அதுவும் கணக்குக்கு வரவில்லை. சுமார் ஆறு கோடி டாலரில் எடுத்த 'தி லெகோ மூவி' உலகெங்கும் 46 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2019-இல் பிளேமொபில் பொம்மைகளை வைத்து அதே சூத்திரத்தில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் 2,300-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் வெளியிட்டும் முதல் வார இறுதி வசூல் ஏழு லட்சம் டாலரைத் தொடவில்லை. அதே வருஷம் 'அக்லிடால்ஸ்' என்ற பொம்மைப் படமும் படுத்தது. 'லெகோ மூவி'யின் இரண்டாம் பாகமே முதல் பாகத்தின் வசூலில் பாதியை எட்டவில்லை. பொம்மைப் பெயர் இருந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் பிள்ளைகளைப் பற்றித் தெரியாதவர்கள்.

1986-இல் வந்த 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி'யின் கதை இன்னும் விசேஷமானது. விளம்பரத்தைத் தவிர வேறு எதற்காகவும் எடுக்கப்படாத படம் ஒன்று உண்டென்றால் அதுதான். பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ பழைய பொம்மை வரிசையை முடித்துப் புது வரிசையை இறக்கவேண்டியிருந்தது. ஆகவே படத்தின் முதல் பகுதியிலேயே பழைய பாத்திரங்களை வரிசையாகக் கொன்றார்கள். நாயகன் ஆப்டிமஸ் பிரைமும் செத்தான். கணக்குப்பிள்ளை எழுதிய சாவு. அரங்கில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கொதித்துப்போனார்கள். அடுத்துத் தயாராகிக்கொண்டிருந்த ஜி.ஐ. ஜோ படத்தில் சாகவேண்டிய ட்யூக்கை, சாகவில்லை, மயக்கத்தில் இருக்கிறான் என்று மாற்றினார்கள். ஆப்டிமஸையும் தொலைக்காட்சித் தொடரில் உயிரோடு கொண்டுவந்தார்கள். பிரம்மாண்டமான கிரகத்தை ஒத்த யூனிக்ரான் என்ற அரக்கனுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். அதுவே அவருடைய கடைசிப் படவேலை. 'சிட்டிசன் கேன்' எடுத்தவர் கடைசியில் பொம்மைக்குக் குரல் கொடுத்தாரே என்று இன்றும் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. விற்பனைத் திட்டம் ஒன்று, தன்னை அறியாமலே, ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் சாவைக் காட்டிவிட்டது. படத்தின் நோக்கத்தை மட்டும் விமர்சித்தவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை.

இந்த "விளம்பரம்" குற்றச்சாட்டு பிறந்த ஊரில் அதற்கு அர்த்தம் இருந்தது. அமெரிக்காவில் ரீகன் காலத்தில், 1984-இல், குழந்தைகள் தொலைக்காட்சியில் விளம்பர நேரத்துக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். பொம்மைக் கம்பெனிகள் தினசரித் தொடர்களாகவே எடுத்துத் தள்ளின. பெற்றோர் அமைப்புகள் போராடி 1990-இல் சட்டம் வந்தது: வார நாளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம், அதற்குமேல் விளம்பரம் கூடாது. அங்கே அது ஒரு பொதுக்கொள்கைச் சண்டை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைமேல் தினமும் வீட்டுக்குள் வந்து விழுகிற விற்பனையைப் பற்றியது. நாம் சண்டையை விட்டுவிட்டு அதன் வசவை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

நம்மூர் நிலைமையைப் பார்க்கலாமே. பொம்மைத் தொழிலுக்குச் சென்னை அந்நியமான ஊர் அல்ல. எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-இல் திருவொற்றியூரில் தொடங்கியதே பலூன் செய்யத்தான். அதன் குழுமம் 1987-இல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்த பையன்கள் வைத்திருந்த ஜி.ஐ. ஜோ அங்கிருந்து வந்தவன். லெகோ கதை வேறு. இறக்குமதிப் பொம்மைக்கு 2020-இல் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. அந்த விலையில் ஒரு பெரிய செட் வாங்குவது பல வீடுகளில் மளிகைப் பட்டியலோடு மோதுகிற காரியம். தி.நகர் நடைபாதையில் தொங்குகிற பாலிதீன் பையில் கிடைப்பது பெயரில்லாத பில்டிங் பிளாக்ஸ். கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் யாரும் செய்யலாம். படத்தைப் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்து விளையாடுவது அதை வைத்துத்தான். லெகோவுக்கு அதில் ஒரு காசு கிடைக்காது. இந்த விளம்பரத்தால் இங்கே லாபம் பெற்றவர் யார் என்று குற்றம் சாட்டுகிறவர்கள்தான் சொல்லவேண்டும்.

அப்படியே விற்பனைதான் தீட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே தராசு வேண்டாமா? 1995-இன் 'டாய் ஸ்டோரி'யைக் காவியம் என்று கொண்டாடுகிறோம். மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட், எட்ச் ஏ ஸ்கெட்ச், ஸ்லிங்கி நாய் எல்லாம் கடையில் விற்ற பொம்மைகள். தயாரிப்பே நின்றுபோயிருந்த ஸ்லிங்கி நாய் அந்தப் படத்தால் மறுபடி கடைக்கு வந்தது. படம் முதலில், பொம்மை பின்னால் என்றால் கலை. பொம்மை முதலில், படம் பின்னால் என்றால் விளம்பரமா? இன்னும் பக்கத்தில் வருகிறேன். 'தி லெகோ மூவி' வந்த அதே 2014-இல், மே மாதம், 'கோச்சடையான்' வந்தது. அசைவைப் பதிவு செய்து உருவாக்கிய அனிமேஷன் படம், படத்தின் பெயரில் கைபேசிகூட விற்றார்கள். இது ரஜினி என்ற பிராண்டுக்கு விளம்பரம் என்று சொல்லி யாரும் எழுந்து போகவில்லை, போகவும் கூடாது. உருவம் உயிரோடு அசைகிறதா, கண் செத்துக் கிடக்கிறதா என்று வாதாடினோம். அதுதான் சரியான விமர்சனம். ரஜினிக்குக் கொடுத்த அந்த மரியாதையைப் பிளாஸ்டிக் மனிதனுக்கும் கொடுங்கள் என்கிறேன். மறு வருஷம் வந்த 'காக்கா முட்டை'யோ ஒரு பீட்சா விளம்பரத்திலிருந்தே தன் கதையை எடுத்தது. விளம்பரம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதை இயக்குநர் மணிகண்டன் பீட்சாவைத் திட்டிச் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் கூடவே நடந்து, காசு சேர்த்து, கதவு வரை போய்த்தான் சொன்னார்.

எனக்கு உண்மையான எரிச்சல் இங்கேதான். விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவதால் இந்தப் படங்களின் நிஜமான குறைகள் தப்பித்துவிடுகின்றன. 'தி லெகோ மூவி'யில் வைல்ட்ஸ்டைல் என்ற பெண் சண்டை போடுகிறாள், வண்டி கட்டுகிறாள், வழி காட்டுகிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' ஒன்றும் தெரியாத எம்மெட். கடைசிக் காட்சியில் அப்பா மனம் மாறி, இனி தங்கையும் நிலவறைக்கு வந்து விளையாடலாம் என்கிறார். உடனே அவளுடைய டுப்லோ பொம்மைகள் வந்து இறங்கி உலகை அழிக்கப்போவதாக அறிவிக்கின்றன. அரங்கு சிரிக்கிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே அவ்வளவு நுட்பமாக நீதி பேசிய படம், பெண் குழந்தை வாசலில் வந்ததும் அவளைப் படையெடுப்பாக்கிவிட்டது. இரண்டு வருஷம் முன்புதான், 2012-இல், பெண்களுக்கென்று தனியாக 'லெகோ ஃப்ரெண்ட்ஸ்' வரிசையை இறக்கிக் கம்பெனி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அதே வேலியைத்தான் படமும் நகைச்சுவை என்ற பெயரில் போடுகிறது. கம்பெனியின் புத்தி படத்துக்குள் எங்கே நுழைந்திருக்கிறது என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைக் காட்டுவேன். இரண்டாம் பாகம் தங்கையின் பக்கத்துக்கு வந்து ஓரளவு பரிகாரம் தேடியது, அது வேறு. வீட்டுக் கொலுவைப் பெண்பிள்ளைகள் பார்த்துப் பார்த்து அடுக்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டோம் என்பது நமக்கு அழகல்ல.

பெண்பிள்ளைகள் பொம்மை என்றால் நம்மவர்களின் அலட்சியம் இரட்டிப்பு. 2001-இல் 'பார்பி இன் தி நட்கிராக்கர்' வந்தது. திரையரங்குக்கு வராமல் நேரே வீடியோவுக்கு வந்த படம். கணினி வேலை இன்று பார்த்தால் மரக்கட்டை, முகத்தில் உணர்ச்சி கிடையாது, கதை சப்பை. ஆனால் ஆடும்போது மட்டும் வேறு யாரோ உள்ளே புகுந்ததுபோல இருக்கும். புகுந்துதான் இருந்தார்கள். நியூயார்க் சிட்டி பாலேயின் கலைஞர்களை ஆடவைத்து அந்த அசைவுகளைப் பதிவு செய்து பொம்மைக்கு ஏற்றியிருந்தார்கள், நடன அமைப்பு பீட்டர் மார்ட்டின்ஸ். பின்னால் சைக்கோவ்ஸ்கியின் இசையை வாசித்தது லண்டன் சிம்பொனி. பிளாஸ்டிக் பாதம் தரையைத் தொடுகிற இடத்தில் நிஜ உடம்பின் எடை தெரிகிறது. இடுப்புக்கு மேலே வந்தால் காணாமல் போகிறது. பரதநாட்டிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டிசம்பரில் ஒரு சபாவில் அரைமண்டி சற்றே உயர்ந்துவிட்டால் அதைக் குறித்து எழுதுகிற விமர்சகர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பொம்மையின் கால் ஏன் ஆடுகிறது, கை ஏன் ஆடவில்லை என்று அவர்களில் ஒருவர்கூட எழுதி நான் பார்த்ததில்லை.